ஒன்பது சான்றிதழ்களும் ஓர் ஓவியமும்

கணுக்கால் எலும்பு முறிந்து ஆறு வாரம் கட்டிலோடு கிடந்தபோதுதான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. 2022-ஆம் ஆண்டின் நடுப்பகுதி. அந்த வருடத் தொடக்கத்தில் ஆம்ஸ்டர்டாமில் உள்ள ரைக்ஸ்மியூசியம், ரெம்பிராண்ட் 1642-இல் வரைந்த ‘இரவுக் காவல்’ ஓவியத்தை 717 கிகாபிக்சல், அதாவது 71,700 கோடி புள்ளிகள் கொண்ட படமாக இணையத்தில் போட்டிருந்தது. 8,439 புகைப்படங்களை எடுத்து ஒன்றோடொன்று ஒட்டிய படம் அது. அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்குதான் தூரம். படுத்தபடியே விரலால் பெரிதாக்கிக்கொண்டே போனேன். முகங்கள் போய் மூக்கு வந்தது, மூக்கு போய் வண்ணத்தில் விழுந்த வெடிப்புகள் வந்தன. மணி என்ன ஆனது என்றே தெரியவில்லை. பதினாறு வருடமாகக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள் நான். வலி மாத்திரை போடாமல் நேரம் போனது அன்றைக்குத்தான்.

அடுத்த நாளே கலை வரலாறு படிப்பது என்று முடிவு செய்துவிட்டேன். வேலையை விட முடியாது. பெரிய பெரிய அருங்காட்சியகங்கள் இணையத்தில் நான்கு வாரம், ஆறு வாரம் என்று குறும்பாடங்கள் நடத்துகின்றன, அவற்றை ஒவ்வொன்றாக முடித்து, சான்றிதழ்களைச் சேர்த்து, ஒரு பல்கலைக்கழகத்தின் பகுதிநேரப் பட்டயப் படிப்பில் சேர்ந்துவிடலாம் என்பது என் திட்டம். ஏணிப்படி மாதிரி மனதில் போட்டுக்கொண்டேன். எனக்குத் தெரிந்த யாரும் இப்படிப் படித்ததில்லை, கேட்கவும் ஆள் இல்லை. அப்புறம் நடந்த பதினான்கு மாதத்தைத்தான் எழுதப் போகிறேன். இரண்டு மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம் குறைவான பணம், குத்துமதிப்பாக நூற்றறுபது மணி நேரம் போனது. பாதியாவது போகாமல் தடுத்திருக்கலாம்.

முதல் வாரமே மூன்று பாடங்களில் சேர்ந்தேன். நவீன ஓவியம் ஒன்று, புகைப்படக் கலை ஒன்று, பழைய நெதர்லாந்து ஓவியங்கள் ஒன்று. பசியோடு கடைக்குப் போனால் கூடை நிறைவது மாதிரிதான். ஏழு நாள் இலவசம் என்று போட்டிருந்ததால் அட்டை எண்ணைக் கொடுத்தேன். எட்டாம் நாள் பணம் எடுத்தார்கள். அது என் தப்புதான், அதில் புகார் இல்லை. ஆனால் காலில் கட்டுப் பிரித்து வேலைக்குத் திரும்பியதும் ஆண்டு முடிவுக் கணக்கு வந்து, நான்கு மாதம் அந்தத் தளத்தின் பக்கமே போகவில்லை. பணம் மட்டும் மாதாமாதம் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஊரார் வரவு செலவை வரி வரியாகப் பார்க்கிறவள் தன் வங்கிக் கணக்கைப் பார்க்கவில்லை. கண்டுபிடித்த அன்று வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. இப்போதுதான் முதல் தடவையாகச் சொல்கிறேன்.

சந்தா கட்டச் சொல்லும் தளத்தில் சேர்ந்தால், சேர்ந்த அன்றைக்கே ஆறாம் நாளுக்குக் கைப்பேசியில் அலாரம் வைத்துவிடுங்கள். நிறுத்துவது எப்படி, நிறுத்தினால் கட்டிய மாதம் முடியும்வரை பார்க்க முடியுமா என்பதைச் சேரும் முன்பே தேடிப் படித்துவிடுங்கள். இன்னொன்று. பல பாடங்களைப் பணம் கட்டாமல், சான்றிதழ் இல்லாமல், வெறுமனே பார்க்க முடியும். அதற்கு ‘ஆடிட்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆடிட் என்றாலே எனக்கு வேறு அர்த்தம். இதற்கும் அந்தப் பெயர்தான் என்று தெரிந்துகொள்ளவே மூன்று மாதம் ஆயிற்று. எல்லாப் பாடத்திலும் அது கிடையாது. இருக்கும் இடத்திலும் பொடி எழுத்தில், பக்கத்தின் அடியில் இருக்கும். பெரிய நீலப் பொத்தானை அழுத்தும் முன் அதைத் தேடுங்கள். சான்றிதழ் வேண்டும், பணம் இல்லை என்றால் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கும் வழியும் சில தளங்களில் உண்டு. பதில் வர இரண்டு வாரம் மூன்று வாரம் ஆகலாம், பொறுக்க வேண்டும். நான் பொறுக்கவில்லை.

பாடங்கள் எப்படி இருந்தன என்றால், ரொம்ப நன்றாக இருந்தன. அதுதான் சிக்கலே. நல்ல வெளிச்சத்தில் எடுத்த காணொளி, அழகாகப் பேசும் காப்பாட்சியர், ஓவியரின் பட்டறைக்குள் கேமரா நடந்து போகிறது. ஆறு நிமிடம், எட்டு நிமிடம். ஒவ்வொன்றும் முடியும்போது ஏதோ பெரிதாகத் தெரிந்துகொண்ட மாதிரி ஒரு நிறைவு. அந்த நிறைவை நம்பி நான் வேகத்தை ஒன்றரை மடங்காக வைத்தேன். காதில் மாட்டிக்கொண்டு துணி மடிக்கும்போது கேட்டேன், பேருந்தில் கேட்டேன். ஓவியம் பார்க்கக் கற்றுக்கொள்ள வந்தவள், ஓவியத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டே பதினான்கு மாதத்தை ஓட்டியிருக்கிறேன். இந்த அபத்தம் அப்போது உறைக்கவே இல்லை. பாடம் முடிந்த பச்சைக் குறி விழுந்தது, அது போதுமாக இருந்தது.

நவீன ஓவியப் பாடம் கால வரிசையில் போகவில்லை. இடம், அடையாளம், அன்றாடப் பொருள், சமூகம் என்று கருப்பொருள் கருப்பொருளாகப் போனது. ஏற்கெனவே கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு அது விருந்து. என்னைப் போல் ஒன்றுமே தெரியாமல் வந்தவளுக்கு, சீட்டுக்கட்டைக் கலைத்துக் கையில் கொடுத்த மாதிரி. கலையின் விதிகளையே கிண்டலடித்த தாதாயிசம், கனவுகளை வரைந்த சர்ரியலிசத்துக்குப் பின்னால் வந்தது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். தாதா 1916-இல் சூரிக் நகரத்துக் கேளிக்கை விடுதி ஒன்றில் முதல் உலகப் போரின் நடுவே பிறந்தது. சர்ரியலிச அறிக்கை வந்தது 1924-இல். அந்த எட்டு வருடம் முன்பின்னாகப் போனால் ஏன் இவர்கள் இப்படிக் கிறுக்கினார்கள் என்பதே புரியாமல் போய்விடும். போர் எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டும் இல்லையா? கடைசியில் ஒரு நீளமான தாளில் கோடு போட்டு வருடங்களை எழுதி ஒட்டினேன். 1874, பாரிஸில் ஒரு புகைப்படக்காரரின் பழைய ஸ்டூடியோவில், மாறும் ஒளியைப் பிடித்து வரைந்த இம்ப்ரெஷனிஸ்டுகளின் முதல் கண்காட்சி. 1907, பிக்காசோவின் ‘அவிஞ்ஞோன் பெண்கள்’. 1937, குண்டு வீசி அழிக்கப்பட்ட ஊரைப் பற்றி அவரே வரைந்த ‘கெர்னிக்கா’. அன்றிலிருந்துதான் கேட்டது எதுவும் மண்டைக்குள் ஓர் இடத்தில் போய் உட்கார ஆரம்பித்தது. முதல் பாடத்தில் சேரும் முன்பே இதைச் செய்திருக்க வேண்டும். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் ஹைல்ப்ரன் கலை வரலாற்றுக் காலக்கோடு என்று ஒன்றை 2000-இலிருந்து இணையத்தில் வைத்திருக்கிறது. இலவசம்தான். அந்த முதுகெலும்பு இருந்தால் எந்தக் குறும்பாடத்தையும் அதில் கொண்டுபோய் மாட்டிக்கொள்ளலாம்.

இன்னொரு குழப்பம் அளவு. திரையில் எல்லா ஓவியமும் ஒரே அளவுதான். சர்ரியலிச ஓவியர் டாலியின் உருகும் கடிகாரங்களைச் சுவர் உயரத்துக்கு இருக்கும் என்று கற்பனை செய்து வைத்திருந்தேன். 24 சென்டிமீட்டருக்கு 33 சென்டிமீட்டர். சாதாரண ஏ4 தாளைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அது இருக்கும் அதே நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில், இம்ப்ரெஷனிஸ்ட் மோனேயின் மூன்று பகுதி ‘அல்லி’ ஓவியத்தின் நீளம் பன்னிரண்டரை மீட்டருக்கும் மேல். கையில் தூக்கிப் பார்க்கலாம் போல ஒன்று, பக்கவாட்டில் நடந்துதான் பார்க்க முடியும் என்று இன்னொன்று. இரண்டையும் ஒரே கைப்பேசியில் ஒரே கட்டைவிரலால் தள்ளிவிட்டுப் போயிருக்கிறேன். இப்போது எந்த ஓவியத்தைப் பற்றிப் படித்தாலும் முதலில் அதன் அளவைப் பார்த்து, மாஸ்கிங் டேப்பால் சுவரில் அந்த அளவுக்குச் சட்டம் ஒட்டிவிடுகிறேன். கெர்னிக்காவுக்கு முயன்றேன். 3.49 மீட்டர் உயரம், 7.77 மீட்டர் நீளம். கூரையும் இடித்தது, சுவரும் போதவில்லை. டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு சுவர் மூலையில் நின்றபோதுதான் அந்த ஓவியம் எவ்வளவு பெரிய கூச்சல் என்று புரிந்தது.

நிறத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், மானம் போன கதை. ஒரு பாடத்தில் பதினேழாம் நூற்றாண்டு உள்ளறைக் காட்சி ஒன்றைப் பற்றிச் சிறு கட்டுரை எழுதச் சொன்னார்கள். சுவரெங்கும் ஊறியிருக்கும் தேன் நிறம், அந்தி வெயிலின் இளஞ்சூடு, முதுமையின் குறிப்பு என்றெல்லாம் உருகி எழுதினேன். தங்கையிடம் படித்துக் காட்டினேன். அவள் தன் மடிக்கணினியில் அதே படத்தைத் திறந்து, “அக்கா, சுவர் சாம்பலா இருக்கே? நீ நைட் மோடு போட்டு வெச்சிருக்கியா?” என்றாள். கண் எரியாமல் இருக்க ராத்திரி எட்டு மணிக்கு மேல் திரை தானாகவே மஞ்சளாகும்படி நான்தான் வைத்திருந்தேன். அந்த அந்தி வெயில் முழுக்க என் கைப்பேசியுடையது. பிறகு ஒரே ஆறுதல், ‘இரவுக் காவல்’ என்ற பெயரே அப்படி வந்ததுதான் என்று படித்தது. அது பகல் காட்சி. மேலே பூசிய வார்னிஷ் கறுத்துப் போனதால் பிற்காலத்தவர்கள் இரவு என்று நினைத்துவிட்டார்கள். ஆக, ஓவியம் பார்க்கும் நேரத்தில் அந்த வடிகட்டியை அணைத்துவிடுங்கள். முடிந்தால், ஓவியத்தை வைத்திருக்கும் அருங்காட்சியகத்தின் சொந்தப் பக்கத்திலேயே பாருங்கள். தேடுபொறியில் வரும் பத்துப் படங்களும் பத்து நிறத்தில் இருக்கும்.

அந்தக் கட்டுரையைத் திருத்தியவர்கள் யார் என்று கேட்டால், என்னைப் போன்ற சக மாணவர்கள். ஆயிரக்கணக்கானோர் சேரும் பாடத்தில் ஆசிரியர் உட்கார்ந்து திருத்த முடியாது, ஒருவர் கட்டுரையை இன்னொருவர் திருத்துவது என்று வைத்திருக்கிறார்கள். தேன் நிறச் சுவரோடு போன என் கட்டுரைக்கு மூன்று பேர் முழு மதிப்பெண் போட்டார்கள். ஒருவரின் கருத்து, ‘நன்று’. இன்னொருவர் ஒரு முற்றுப்புள்ளி மட்டும் வைத்திருந்தார். கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை, நானும் என் பங்குக்கு ஐந்து கட்டுரைகளைப் பத்து நிமிடத்தில் திருத்தி முடித்தவள்தான். நாள் கெடு இருந்தது, என் சான்றிதழ் அதில் மாட்டிக்கொண்டிருந்தது. ஒன்பது பாடம் முடித்தும், விஷயம் தெரிந்த ஒருவர்கூட நான் எழுதிய ஒரு வரியைப் படிக்கவில்லை. இதைத்தான் யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். பாடத்தின் விவரப் பக்கத்தில் யார் திருத்துவார்கள் என்று பாருங்கள். சக மாணவர்கள் என்று இருந்தால், அந்தப் பாடத்தைக் கேட்டு ரசிக்க மட்டும் வைத்துக்கொண்டு, எழுதியதைக் காட்டத் தனியாக ஓர் ஆளைத் தேடிக்கொள்ளுங்கள்.

அதனால்தான், ஆசிரியர் நேரடியாகப் பேசும் வகுப்பு வேண்டும் என்று ஓர் அருங்காட்சியகத்தின் நேரலைப் பாடத்தில் சேர்ந்தேன். கட்டணத்தில் இதுதான் பெரிய அடி. வாரம் ஒன்று, ஆறு வாரம், எனக்கு நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால் தொடங்கும். இரண்டு வகுப்பு அருமையாகப் போனது, கேள்விகூடக் கேட்டேன். மூன்றாம் வாரம் சரியான நேரத்துக்குக் காபியோடு உட்கார்ந்தால், திரையில் ஆசிரியர் எல்லோருக்கும் நன்றி சொல்லி விடைபெற்றுக்கொண்டிருக்கிறார். அந்த ஊரில் கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டார்களாம். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு, ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு. திரும்பப் பின்னால் வைப்பது ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிறு, அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறு. கடிகாரத்தைத் தொடாத நாட்டில் இருப்பவருக்கு இது கனவில்கூட வராது. பதிவைப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அது ஏழே நாள்தான் இருக்கும் என்பது நிபந்தனைகளில் பதினொன்றாவது வரியில் இருந்தது, எட்டாம் நாள் படித்தேன். பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினேன், இயலாது என்று மரியாதையாகப் பதில் வந்தது. மீதி வகுப்புகளில் ஒன்றில் தூங்கியே விட்டேன். பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு, விளக்கை அணைத்த அறையில் ஒருவர் மெல்லிய குரலில் பரோக் என்ற பழைய ஆடம்பரப் பாணித் தேவாலயக் கூரைகளைப் பற்றிப் பேசினால் யாருக்கும் தூக்கம் வரும். நேரலையில் சேருவதாக இருந்தால் பதிவு எத்தனை நாள் இருக்கும் என்று முதலில் கேளுங்கள். நாட்காட்டியில் குறிக்கும்போது உங்கள் ஊர் நேரத்தைக் குறிக்காமல், அந்த நகரத்தின் பெயரைப் போட்டு அதன் நேரத்தைக் குறியுங்கள், மாற்றத்தை நாட்காட்டியே பார்த்துக்கொள்ளும்.

இடையில் இன்னொரு சந்தேகமும் மெல்ல முளைத்தது. அருங்காட்சியகம் தன் சுவரில் இருப்பதை வைத்துத்தான் பாடம் நடத்தும். அதில் தப்பில்லை, அவர்கள் வீட்டுக் கதையை அவர்கள்தான் நன்றாகச் சொல்ல முடியும். ஆனால் நான் அதையே முழு வரலாறு என்று எடுத்துக்கொண்டேன். எந்தப் பொருளின் உருவத்தையும் காட்டாத அரூப ஓவியம் 1910-ஐ ஒட்டி ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கியிடம் தொடங்கியது என்று ஒரு பாடத்தில் படித்து, வினாடி வினாவிலும் சரியாக எழுதினேன். ஸ்வீடனில் ஹில்மா அஃப் க்ளிண்ட் என்ற பெண் 1906-இலேயே அப்படி வரையத் தொடங்கி, தான் இறந்து இருபது வருடம் வரை யாருக்கும் காட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு 1944-இல் இறந்துபோனார் என்பது பாடத்தில் இல்லை. அதே போல, பொருள்கள் அந்தச் சுவருக்கு எப்படி வந்தன என்ற கேள்வியை ஒன்பது பாடத்தில் ஒன்றே ஒன்றுதான் தொட்டது. இன்றைய நைஜீரியாவில் இருந்த பெனின் அரண்மனையின் பித்தளைத் தகடுகளை ‘ஆப்பிரிக்கச் சிற்பத்தின் உச்சம்’ என்று வியந்து பார்த்து முடித்த பிறகு, 1897-இல் பிரிட்டிஷ் படை அந்த நகரத்தைச் சூறையாடி எடுத்துக்கொண்டு போனவை அவை என்பதை வேறெங்கோ படித்தேன். ஐரோப்பிய பலிபீட ஓவியங்களிலும் இந்த இடைவெளி உண்டு. ஜெர்மன் ஓவியர் க்ரூனவால்ட் 1512-க்கும் 1516-க்கும் இடையில் வரைந்த ஐசன்ஹைம் பலிபீடத்தில் இயேசுவின் உடம்பெல்லாம் புண். உணர்ச்சி மிகுந்த பாணி என்று மட்டும் குறித்து வைத்திருந்தேன். பூஞ்சை பிடித்துக் கெட்டுப்போன ரை தானியத்தால் வரும் நோயில் தோல் எரிந்து அழுகியவர்களைத் துறவிகள் பராமரித்த மருத்துவமனைக்காக வரைந்தது அது. படுத்துக் கிடந்தவர்கள் பார்த்த ஓவியம். நானும் ஆறு வாரம் படுத்துக் கிடந்து பார்த்தவள் என்பதாலோ என்னவோ, இதைப் படித்த அன்று வேறு எதுவும் ஓடவில்லை. ஒரு பாடத்தை முடித்ததும் அதே காலத்தைப் பற்றி வேறொரு இடத்திலும் படித்துப் பாருங்கள். ஸ்மார்ட்ஹிஸ்டரி என்ற இலவசத் தளத்தை பெத் ஹாரிஸ், ஸ்டீவன் ஸக்கர் என்ற இரண்டு கலை வரலாற்றாளர்கள் 2005-இல் தொடங்கினார்கள். ஒரே படைப்பின் முன் நின்று இருவர் பேசிக்கொள்வதுதான் அவர்கள் பாணி, ஒருவர் சொல்வதை இன்னொருவர் இடைமறிப்பார். எனக்கு அது எந்தக் காணொளிப் பாடத்தையும்விட உதவியது.

சரி, ஏணியின் கடைசிப் படிக்கு வருகிறேன். ஒன்பது சான்றிதழ்களையும் வரிசையாக அடுக்கி, பட்டயப் படிப்புக்கு விண்ணப்பித்தேன். மூன்று வாரத்தில் பதில். குறும்பாடச் சான்றிதழ்கள் பங்கேற்பைத்தான் காட்டும், கல்வித் தகுதியாக எடுத்துக்கொள்ள முடியாது. விருப்பமிருந்தால் ஏதேனும் ஒரு படைப்பைப் பற்றி 1,500 சொற்களில், நேரில் அல்லது படத்தில் பார்த்துச் சொந்தமாக எழுதிய பகுப்பாய்வு ஒன்றை அனுப்பவும். அவ்வளவுதான். படித்ததும் முதலில் கோபம் வந்தது. நூற்றறுபது மணி நேரம், பணம், நள்ளிரவுக் காபி எல்லாம் ‘பங்கேற்பு’. பிறகு, 1,500 சொல்தானே என்று தோன்றியது. எனக்கு நன்றாகத் தெரிந்த ஓவியம் என்று, ஓர் ஆணும் பெண்ணும் அறைக்குள் கைபிடித்து நிற்கும் ‘ஆர்னோல்ஃபினி’ ஓவியத்தை எடுத்தேன், பழைய நெதர்லாந்து ஓவியர் வான் எய்க் வரைந்தது. வினாடி வினாவில் நூற்றுக்கு நூறு வாங்கிய பாடத்தில் வந்தது. “இது 1434-இல் வரையப்பட்ட திருமண ஓவியம். நாய் விசுவாசத்தைக் குறிக்கிறது. ஒற்றை மெழுகுவர்த்தி கடவுளைக் குறிக்கிறது. கழற்றி வைத்த காலணி புனித இடத்தைக் குறிக்கிறது.” நான்கு வாக்கியம். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த நான்கு வாக்கியத்திலும் ஒன்றுகூட நான் பார்த்தது இல்லை, நான்குமே யாரோ சொல்லிக் கேட்டது. மடிக்கணினியை மூடிவிட்டு அழுதேன் என்று சொல்வதில் கூச்சமில்லை. இரண்டு மாதம் ஓவியம் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

திரும்ப வந்ததற்குக் காரணம் ஒரு பேராசிரியரைப் பற்றிப் படித்தது. ஹார்வர்டில் ஜெனிஃபர் ராபர்ட்ஸ் தன் மாணவர்களை ஒரே ஓவியத்தின் முன் மூன்று மணி நேரம் உட்காரச் சொல்வாராம். அவரே ஓர் ஓவியத்தில் ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்க ஒன்பது நிமிடம் ஆனது, இன்னொன்றுக்கு இருபத்தொரு நிமிடம் ஆனது என்று எழுதியிருக்கிறார். பேராசிரியருக்கே ஒன்பது நிமிடம் என்றால் நான் ஒன்றரை மடங்கு வேகத்தில் எதைப் பார்த்திருப்பேன்! ஒரு ஞாயிற்றுக்கிழமை. 82 சென்டிமீட்டருக்கு 60 என்று சுவரில் டேப் ஒட்டினேன், தங்கையின் மடிக்கணினியைக் கடன் வாங்கினேன், லண்டன் தேசிய ஓவியக்கூடத்தின் பக்கத்தில் அதே ஆர்னோல்ஃபினியைத் திறந்தேன், கைப்பேசியை அடுத்த அறையில் வைத்தேன். குறிக்கிறது என்ற சொல்லை எழுதக் கூடாது, கண்ணில் படுவதை மட்டும் எழுத வேண்டும் என்று எனக்கு நானே ஒரு விதி.

முதல் பத்து நிமிடம் வெறும் சாமான் பட்டியல். அப்புறம் அரிப்பு, எழுந்து போய் கைப்பேசியைப் பார்க்கலாமா என்று. இருபது நிமிடம் தாண்டியதும்தான் ஓவியம் அசைய ஆரம்பித்தது. மெழுகுவர்த்தி ஒன்று எரிகிறது, சரி, ஆனால் ஜன்னலில் பகல் வெளிச்சம். எரிவது ஆண் நிற்கும் பக்கத்தில். பெண் பக்கத்துத் தண்டில் மெழுகு வழிந்த மிச்சம். ஜன்னலுக்கு வெளியே துளி அளவுக்கு ஒரு மரம், பழத்தோடு. அவள் வயிறு என்று நான் நினைத்தது, அள்ளிப் பிடித்த உடையின் மடிப்பு. காலணி இரண்டு ஜோடி, ஒன்று முன்னால் தாறுமாறாக, இன்னொன்று பின்னால் சுவர் ஓரமாக. பின்சுவரின் குழிவான, இல்லை, குவிந்த கண்ணாடியைச் சுற்றிப் பத்து வட்டங்கள், ஒவ்வொன்றிலும் இயேசுவின் பாடுகளில் ஒரு காட்சி. கண்ணாடிக்குள் இவர்கள் முதுகு தெரிகிறது. முதுகுக்கு அப்பால், கதவருகே, இன்னும் இரண்டு பேர். அவர்கள் நிற்கும் இடத்தில்தான் நானும் இருக்கிறேன் என்று உறைத்தபோது மணி பார்த்தேன், ஐம்பத்து மூன்று நிமிடம். மூன்று மணி நேரம் முடியவில்லை, ஒன்றரை மணி நேரத்தில் கழுத்து பிடித்துக்கொண்டது. கையில் ஏழு பக்கம் இருந்தது.

அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் எழுதியதைப் படித்தேன், அடுத்த அதிர்ச்சி. இது திருமணத்துக்குச் சாட்சியாக வரைந்த ஓவியம் என்பது கலை வரலாற்றாளர் எர்வின் பனோஃப்ஸ்கி 1934-இல் முன்வைத்த வாதம். அந்த ஓவியக்கூடத்தின் சேகரிப்பைப் பற்றி எழுதிய லோர்ன் கேம்பெல் 1998-இல் இதை மறுத்து, இது திருமணச் சடங்கே இல்லை என்றார். 2003-இல் மார்கரெட் கோஸ்டர், அந்தப் பெண் அப்போது உயிரோடு இல்லை, இறந்த மனைவியின் நினைவுக்காக வரைந்தது என்று வாதிட்டார். அணைந்துபோன மெழுகுவர்த்தி அவள் பக்கம். எனக்குப் புல்லரித்தது, அந்த மெழுகு வழிசலைப் பார்த்து எழுதியிருந்தேனே! ஏறக்குறைய தொண்ணூறு வருடமாக அறிஞர்கள் சண்டை போடும் கேள்விக்கு, ‘திருமணம்’ என்ற கட்டத்தில் டிக் அடித்து நூற்றுக்கு நூறு வாங்கியிருக்கிறேன். வினாடி வினாவில் சரியான விடை என்று ஒன்று வந்தால், அதை யார் எப்போது சொன்னார்கள், மறுத்தவர் யார் என்று ஒரு வரி தேடிப் பார்ப்பதை இப்போது வழக்கமாக்கிவிட்டேன்.

எழுதும்போது இன்னொன்றும் கண்டுபிடித்தேன். குறிப்புகளைத் தமிழில் எழுத ஆரம்பித்ததும் எனக்குப் புரியாத சொற்களெல்லாம் பல்லை இளித்தன. கியாரோஸ்குரோ, இம்பாஸ்டோ என்று காதுக்குப் பழகிய சொற்களை ஆட்டோ மாதிரி ஓட்டிக்கொண்டிருந்தேன். தங்கைக்கு விளங்கும்படி எழுத வேண்டும் என்று வந்தபோது, கியாரோஸ்குரோ என்றால் வெளிச்சமும் இருட்டும் மோதி உருவத்துக்குத் திரட்சி வருவது, இம்பாஸ்டோ என்றால் வண்ணத்தை அப்பி அப்பித் தடிப்பாக விடுவது என்று உடைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. உடைக்க முடியாத சொல்லை எழுதாமல் விட்டேன். கட்டுரை சுருங்கியது, ஆனால் நின்றது.

1,500 சொல்லுக்கு நான்கு மாதம் எடுத்துக்கொண்டேன். அனுப்பியாயிற்று, பதில் இன்னும் வரவில்லை. இந்த நான்கு மாதத்தில் எந்தப் பாடத்துக்கும் பணம் கட்டவில்லை. மெட்ரோபாலிட்டன் தான் பதிப்பித்த பழைய நூல்கள் பலவற்றை முழுதாகத் தரவிறக்க விட்டிருக்கிறது. 2017-இலிருந்து, காப்புரிமை முடிந்த படைப்புகளின் படங்களையும் யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று கொடுத்திருக்கிறது. ரைக்ஸ்மியூசியமும் அப்படித்தான். அதை வைத்தே வண்டி ஓடுகிறது. இன்னொரு குறும்பாடத்தில் சேர மாட்டேன் என்று சொல்லவில்லை, ஒன்றில் சேர்ந்துகூட இருக்கிறேன், ஒன்றே ஒன்றில், ஆடிட்டாக. காணொளியைப் போடும் முன் அந்த வாரத்து ஓவியத்தை அரை மணி நேரம் தனியாகப் பார்த்துவிட்டுத்தான் காப்பாட்சியரைப் பேச விடுகிறேன். சில சமயம் அவர் சொல்லாமல் விட்டது என் தாளில் இருக்கும்.

சுவரில் டேப் இன்னும் இருக்கிறது. வண்ணப்பூச்சு உரியப் போகிறது, எப்போது எடுப்பாய் என்று தங்கை கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஆர்னோல்ஃபினியின் டேப்பை நேற்று எடுத்துவிட்டேன். அதே இடத்தில் 44.5-க்கு 39 என்று சின்னதாக வேறொன்று ஒட்டியிருக்கிறேன், வெர்மீரின் முத்துக் காதணிப் பெண்ணுக்கு. இவ்வளவுதானா அவள் என்று தங்கை பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள்.